டாக்டர் திட்டவில்லை

புளியங்குடியில் டாக்டர் கோமதிநாயகத்தின் அறையை விட்டு வெளியே வருகிறவர்களிடம், பெஞ்சில் காத்திருப்பவர்கள் என்ன நோய், என்ன மருந்து என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "திட்டுனாரா?" என்று மட்டும் கேட்பார்கள். திட்டினார் என்று தெரிந்தால் பெஞ்சு முழுக்க ஒரு நிம்மதி பரவும். இன்னும் பல வருஷம் உயிரோடு இருக்கப்போகிறவனைத்தான் டாக்டர் திட்டுவார் என்பது ஊருக்குத் தெரியும்.

மற்றபடி அவர் பேச்சு சுருக்கம். "உட்காரு." "நாக்க நீட்டு." "மூச்ச இழு." நோயாளி தன் கதையை ஆரம்பித்து நடுவழிக்கு வருவதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும். கை சுத்தம், கணிப்பு தப்பாது. இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்த்ததும் இல்லை.

அந்த வருஷம்தான் காப்பீட்டுத் திட்டத்தில் புது விதி வந்தது. டாக்டர்களுக்கு இனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடையாது. வைத்தியத்தின் தரத்தைப் பொறுத்துத்தான் பணம். தரத்தை அளந்து சொல்ல ஒரு கருவி. அதைக் கொண்டுவந்து தந்தவள் கவின்மலர் என்ற பெண். நலத்தர ஆணையத்தில் ஒருங்கிணைப்பாளர். கோயம்புத்தூர்க்காரி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்தக் கருவியை அவளே அவர் சட்டைப் பையில் குத்திவிட்டாள்.

"இதுக்குப் பேரு செவிங்க டாக்டர். நீங்க நோயாளிகிட்டப் பேசறத இதுவே கேட்டுக்கும், இதுவே அறிக்கை எழுதும், இதுவே ஆணையத்துக்கு அனுப்பிரும். நீங்க ஒண்ணுமே எழுத வேண்டியதில்லீங்க."

"இவ்வளவு நாளும் நாங்க எழுதி அனுப்புன அறிக்கைக்கு என்ன கேடு?"

"அதுல எல்லா டாக்டருமே தன்னத் தங்கமானவருன்னு எழுதியிருந்தாங்க டாக்டர்."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ரெண்டு கணக்குங்க," என்று அவள் தொடர்ந்தாள். "நோயாளிங்க கையில காப்பீட்டு வளையம் மாட்டியிருக்காங்கல்ல, நாடி, தூக்கம் எல்லாம் அது வழியா வந்துரும். அது ஒரு கணக்கு. நீங்க கனிவாப் பேசறீங்களா, பேர் சொல்லிக் கூப்பிடறீங்களா, ஆறுதல் சொல்றீங்களாங்கிறது இன்னொரு கணக்கு. நல்லாப் பேசுனா இந்த விளக்கு பச்சையா எரியும். இல்லீன்னா சிவப்புங்க."

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"மத்ததெல்லாம் அருமைங்க டாக்டர். கனிவுலதான் பூஜ்யத்துக்குக் கீழ போயிட்டீங்க."

"பூஜ்யத்துக்குக் கீழ எப்படிம்மா போக முடியும்?"

"இதுவரைக்கும் யாரும் போனதில்லீங்க. உங்களுக்காகத்தான் அளவுகோல கீழ நீட்டியிருக்குதுங்க."

இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் அவர் பெயரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஆனால் ஞானசெல்வம் சிஸ்டர் அங்கேயே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி திறந்த நாள் முதல் இருப்பவள். அவர் பயப்படுகிற ஒரே ஆளும் அவள்தான்.

"உங்களுக்கென்ன, கதவப் பூட்டிட்டு வீட்ல படுத்துக்கிடுவீய. பாம்பு கடிச்சவன் எங்க போவான்? தென்காசிக்கில்லா ஓடணும்? பாம்பு அதுவரைக்கும் பொறுக்குமா? ரெண்டு நல்ல வார்த்த சொன்னா வாய் வெந்து போயிருமோ?"

கவின்மலர் சில வாக்கியங்களை எழுதிக் கொடுத்தாள். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து அவற்றை மனப்பாடம் செய்தார். 'உங்க வேதனை எனக்குப் புரியுது.' 'இதுல நீங்க தனியா இல்ல.' 'உங்களுக்கு எது முக்கியமோ அத முதல்ல பாப்போம்.' கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு அவர் சொன்னதில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

முதலில் மாட்டியவர் எலுமிச்சை மண்டி வெள்ளைப்பாண்டி. நெஞ்செரிச்சல் என்று வந்தார். வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கியதுமே டாக்டருக்கு விளங்கிவிட்டது. வெறும் வாய்வு. ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு அப்படியே சாய்ந்து படுக்கிற ஆள். வழக்கமான வசவு தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வெள்ளைப்பாண்டியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையைப் பிடிப்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

"வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி. உங்க வேதனை எனக்குப் புரியுது."

விளக்கு பச்சையாக எரிந்தது. வெள்ளைப்பாண்டியின் முகம் வெளுத்தது.

"இதுல நீங்க தனியா இல்ல. நாங்க எல்லாரும் கூட இருக்கோம்."

வெள்ளைப்பாண்டி சன்னமான குரலில், "எத்தன நாளு டாக்டர்?" என்றார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்து, "அஞ்சு நாள்," என்றார்.

"அதுக்குப் பெறவு?"

"அதுக்குப் பெறவு எதுவும் தேவைப்படாது."

வெள்ளைப்பாண்டி எழுந்து, சட்டையைச் சரிசெய்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷனை இத்தனை நாள் அநியாயமாகத் திட்டிவிட்டோமே என்று டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வெளியே பெஞ்சில் கேட்டார்கள்: "அண்ணாச்சி, திட்டுனாரா?"

"இல்லய்யா. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று வழிவிட்டது.

அந்த வாரம் ஊரே ஒரு மாதிரியாகிவிட்டது. படர்தாமரைக்குக் களிம்பு வாங்க வந்த தையல்காரர், அளவு எடுத்து வைத்திருந்த துணிகளை எல்லாம் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைவலி என்று வந்த ஒரு பெண் சங்கரன்கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே விளக்கு நாள் முழுதும் பச்சையாக எரிய, டாக்டர் தனக்கு நல்ல பேச்சும் வரும் என்று நம்பத் தொடங்கியிருந்தார். சிஸ்டருக்கு மட்டும் சந்தேகம். "என்னமோ எல்லாரும் போகையில என் கையையும் பிடிச்சு அழுதுட்டுப் போறாங்க சார்," என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் வரிசையைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். வெள்ளைப்பாண்டியின் மகள் இசக்கிச்செல்வி. விவசாயக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். கவின்மலரும் அப்போது அறையில் இருந்தாள், பச்சை விளக்கைப் பார்த்துப் பூரித்தபடி.

"சார், எங்கப்பாக்கு என்ன?"

"வாய்வு."

"பெரிய வாய்வா?"

"வாய்வுல என்னம்மா பெரிசு சிறுசு? ஒரு ஏப்பம் விட்டா போயிரும்."

"அப்பம் அஞ்சு நாள்ல செத்துப்போயிருவாருன்னு ஏன் சார் சொன்னீங்க?"

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கவின்மலரைப் பார்த்தாள்.

இசக்கிச்செல்வி படபடவென்று சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அப்பா நேரே சித்தப்பா சுந்தரபாண்டியின் மண்டிக்குப் போயிருக்கிறார். நடுச்சுவர் தகராறில் இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. "செவரு உனக்கே இருக்கட்டும்டே" என்று சொல்லித் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். அது நல்லதுதான். ஆனால் கண்ணை மூடுவதற்குள் மகளைக் கரை சேர்க்க வேண்டும் என்று, அவள் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பிவிட்டார். இன்றைக்கு மத்தியானம் நிச்சயதார்த்தம். நாளை மறுநாள் கோயிலில் தாலி.

"பரீட்ச இருக்குன்னேன். 'என் பிணத்து மேல ஏறிப் போய் எழுது'ங்காரு. நான் என்ன செய்ய சார்?"

டாக்டர் உடனே போனைப் போட்டார். "அண்ணாச்சி, கோமதிநாயகம் பேசுதேன். பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து தழுதழுத்த குரல் கேட்டது: "அவ்வளவுக்கு முத்திப்போச்சா டாக்டர்?"

போன் வைக்கப்பட்டது. "போன்ல ஆகாது சார்," என்றாள் இசக்கிச்செல்வி. "நீங்க நேர்ல வந்து திட்டணும். நாலு பேரு முன்னால திட்டணும். அப்பத்தான் நம்புவாரு."

கவின்மலர் பதறினாள். "டாக்டர், வேண்டாமுங்க. கணக்கு முடியற நேரம். இப்பத் திட்டுனீங்கன்னா இவ்வளவு நாள் சேத்த மார்க் மொத்தமும் போயிரும். திட்டத்துல இருந்தே எடுத்துருவாங்க."

"இதக் கழட்டி வச்சிட்டுப் போறேன்."

"பதிவான நோயாளிகிட்டக் கழட்டிட்டுப் பேசுனா அதைவிடப் பெரிய குத்தமுங்க."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் படிப்பு. இன்னொரு பக்கம் ஒரு ஊரின் ஆஸ்பத்திரி. பாம்புக்கடியைப் பற்றிப் பேசிய சிஸ்டரே இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார். சிஸ்டர் அவருடைய செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள்.

நிச்சய வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில், நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளைத் துண்டு போர்த்திக் கிடந்தார் வெள்ளைப்பாண்டி. கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாததால் உண்மையிலேயே சாகப்போகிறவர் மாதிரிதான் இருந்தார். பக்கத்தில் தம்பி சுந்தரபாண்டி விசிறிக்கொண்டிருந்தார். எதிரே மாப்பிள்ளை வீட்டார், தட்டுத் தட்டாகப் பழமும் ஜிலேபியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரைக் கண்டதும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியாகப் பார்த்துப்போக டாக்டரே வந்துவிட்டார்.

டாக்டர் குனிந்தார். மூன்று நாள் பழக்கத்தில் வாய் தானாகவே, "உங்க வேதனை எனக்கு..." என்று தொடங்கியது. கூட்டத்தில் ஒரு விசும்பல். விளக்கு பச்சை. அவர் நிமிர்ந்து பார்த்தார். தூணோரம் பட்டுச் சேலையில் நின்ற இசக்கிச்செல்வியின் கண் அவர் மேலேயே இருந்தது.

"எந்திரிய்யா!" என்றார் டாக்டர்.

பந்தலே அதிர்ந்தது.

"எந்திரிங்கேன்! கூறு கெட்ட மனுசா! உனக்கு வந்தது வாய்வுய்யா, வாய்வு! அரைக்கிலோ கறியத் தின்னுட்டுக் கவுந்து படுத்தா நெஞ்சு எரியாம பன்னீரா தெளிக்கும்? மாத்திரைய அஞ்சு நாள் தின்னுன்னா, அஞ்சு நாள்ல செத்துருவேன்னு பாய விரிச்சிருக்க! பிள்ள பரீட்சய விட்டுட்டு நிக்கா, உனக்குச் சாவு கேக்கோ சாவு?"

சட்டைப் பையில் விளக்கு சிவந்து சிவந்து துடித்தது. கருவிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "தயவுசெய்து கனிவாகப் பேசவும்."

"நீ வாய மூடு!" என்றார் டாக்டர் அதைப் பார்த்து. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீ என்ன பாக்க? சக்கர முந்நூறு வச்சிக்கிட்டு ஜிலேபித் தட்டத் தூக்கிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"நோயாளி ரகசியமுங்க டாக்டர்!" என்று, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கவின்மலர் அலறினாள்.

வெள்ளைப்பாண்டியின் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. தம்பியின் கையை எட்டிப் பிடித்தார். "ஏ சுந்தரம்... திட்டுதாருடே! டாக்டர் என்னயத் திட்டுதாருடே!" அதைச் சொல்லும்போதே, மூன்று நாளாக உள்ளே அடைந்து கிடந்த ஏப்பம் ஒன்று நீளமாக வெளியே வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பும் அழுகையும் கலந்து எழுந்தது.

நிச்சயம் நடக்கவில்லை. முதலில் கோபப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் பிறகு சமைத்தது வீணாகுமே என்று பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசம் வரும்போதே அண்ணன் தம்பி இருவரும் நடுச்சுவரைப் பற்றி மறுபடி சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துதான் ஆரம்பித்தார்கள்.

மறுநாள் முதல் டாக்டர் பழையபடி தடையில்லாமல் திட்டினார். எப்படியும் திட்டத்திலிருந்து பெயர் போகப்போகிறது, இருக்கிறவரை வாய்க்காவது நிம்மதி என்று இருந்தார்.

மாதக் கடைசியில் கவின்மலர் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாநிலத்துலயே முதல் இடமுங்க டாக்டர்."

"யாரு?"

"நீங்கதாங்க."

அவளுக்கே முழுதாக விளங்கியிருக்கவில்லை. மேலிடத்தில் கேட்டதைச் சொன்னாள். "இது தானாக் கத்துக்கற கருவிங்க. நீங்க கனிவாப் பேசுன நாள்ல எல்லாம் உங்க நோயாளிங்க வளையத்துல நாடி எகிறியிருக்குது. ஒருத்தரும் தூங்கல. அந்த நிச்சய வீட்ல திட்டுனீங்க பாருங்க, அங்கிருந்த அத்தன பேர் நாடியும் எறங்கியிருக்குது. அந்தப் பெரியவர் குழந்தை மாதிரி தூங்கியிருக்கார். கருவி யோசிச்சுப் பாத்துட்டு, திட்டறதுதான் கனிவுன்னு முடிவு பண்ணிருச்சுங்க."

"நல்லதுதான. விட்டுருங்க."

"எப்படிங்க விடறது? ஒரு கருவி கத்துக்கிட்டா எல்லாக் கருவியும் கத்துக்கும். அடுத்த மாசத்துல இருந்து மாநிலம் பூரா இதுதாங்க விதி."

ஆணையம் அதற்கு 'உரிமைக் கண்டிப்பு' என்று பெயர் வைத்தது. ஒவ்வொரு நோயாளியையும் ஒருமுறையாவது கண்டிக்க வேண்டும். சென்னையில் பல் டாக்டர்கள் வாய் திறந்து கிடப்பவர்களைத் திட்டினார்கள். பிரசவ ஆஸ்பத்திரிகளில் இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்குக் கூடுதலாகத் திட்டு விழுந்தது. பிறவியிலேயே சாதுவான டாக்டர்கள் பயிற்சிக்காகப் புளியங்குடிக்கு பஸ் ஏறி வந்தார்கள். பாடத்தைக் கவின்மலர்தான் நடத்த வேண்டும். அதற்காக டாக்டரிடம் ஒத்திகை பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?"

"கடைசில அந்த 'ங்களா' வேண்டாம்மா."

"அது இல்லாம எனக்கு வாயில வரமாட்டேங்குதுங்க."

ஆரம்பத்தில் டாக்டருக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள், பெஞ்சில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதைக் கவனித்தார். கேட்டு என்ன ஆகப்போகிறது? எல்லோரையும்தான் திட்டுகிறார். யாருக்குப் பெரிது, யாருக்கு ஒன்றுமில்லை என்று தெரியாமல், ஒவ்வொருவரும் சீட்டைக் கையில் பிடித்தபடி குழம்பிப் போனார்கள். அவருக்கும் கோபம் முன்போல வரவில்லை. வாயைத் திறந்ததும் பச்சை எரிவதைப் பார்க்கும்போது, பாதியிலேயே அது வற்றிவிடும். மீதியை ஒப்பித்து முடிப்பார்.

தங்கபுஷ்பம் வந்தது அப்படியான ஒரு நாளில். திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். குரலை வைத்தே பஸ் எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று ஊர் சொல்லிவிடும். வயிற்றில் ஒரு கட்டி என்று வந்தவளைத் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பியிருந்தார். முடிவு அவள் வருவதற்கு முன்பே அவர் திரைக்கு வந்துவிட்டது. மூன்று முறை படித்தார். எப்படிப் படித்தாலும் அதேதான்.

தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். சிஸ்டர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் திரையைச் சரிசெய்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாததால், எது வாயில் தயாராக இருந்ததோ அதைச் சொன்னார்.

"ஏன் இவ்வளவு லேட்டா வந்த? அறிவிருக்கா? உடம்பப் பாத்துக்கிட வேண்டாமா? ஒழுங்கா மருந்தச் சாப்பிடு, எல்லாம் சரியாப் போயிரும்."

விளக்கு அதுவரை எரியாத பிரகாசத்தில் பச்சையாக எரிந்தது.

தங்கபுஷ்பம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"டாக்டர், நான் தெனம் ஒரு பஸ்ஸுச் சனத்தத் திட்டுதவ. வயிறெரிஞ்சு திட்டுததுக்கும், செக்கிங் ஆபீசர் ஏறியிருக்காருன்னு திட்டுததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? சொல்லுங்க. கெட்டதுதான?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஆமாம்மா."

விளக்கு சிவந்தது.

"பொழைப்பேனா?"

"தெரியல. வைத்தியம் இருக்கு. லேசுப்பட்ட வைத்தியம் இல்ல. முடி கொட்டும், சோறு இறங்காது. அதுக்குப் பெறவும் உறுதியாச் சொல்ல முடியாது." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முதல் தடவ திருநெல்வேலிக்குப் போகும்போது நானும் கூட வாரேன். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு."

"எதுல வருவீய?"

"உங்க பஸ்லதான்."

"டிக்கெட் எடுக்கணும். டாக்டர்னு ஓசில ஏறுனா இறக்கி விட்ருவேன்," என்றாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. தோல்பையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் கையைப் பிடிக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருவி சிவப்பாக எரிந்து, பிறகு மஞ்சளாக மாறி, "நோயாளி அறையில் உள்ளாரா?" என்று கேட்டது.

வெளியே கூட்டம் சலசலத்தது. எவ்வளவு நேரம் உள்ளே வைத்திருப்பார் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். உடனே ஞானசெல்வம் சிஸ்டரின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"ஏய், யாருய்யா அவன் கதவத் தட்டுதது? உள்ள ஒரு மனுசி அழுதுக்கிட்டிருக்கா, உனக்கு இருமல் டானிக்குக்கு அவசரமோ? அறிவு கெட்டவங்களா, வாயப் பொத்திக்கிட்டு உக்காருங்க எல்லாரும்!"

கருவி அதைக் கவனமாகக் கேட்டது. பிறகு பளிச்சென்று பச்சையாக எரிந்தது. உள்ளே இருந்த இருவரும் அதைப் பார்க்கவில்லை.